மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, குழந்தைங்க பிரிவு – எட்டு மாசமா போயிட்டு வர்ற ஒரு அம்மாவோட ரிவ்யூ

எங்க பாப்பாவுக்கு அஞ்சரை வயசுல வலது கண்ணுல ஒரு கண்கட்டி வந்துச்சு, அதனாலதான் எல்லாமே தெரிய வந்துச்சு. இமை வீங்கி வலது கண்ணு முழுசா மூடிக்கிச்சு, சாதாரண கட்டிதானே, வெந்நி ஒத்தடம் குடுத்தா போயிரும்னு நானும் இருந்தேன். காலைல எந்திரிச்சு அடுப்படிக்கு நடந்து வந்தவ நிலைப்படில இடிச்சு விழுந்துட்டா. தூக்கி விட்டா, "அம்மா என்ன இம்புட்டு புகையா இருக்கு, எது கருகுது"ன்னு கேக்குறா. அடுப்பே பத்த வைக்கல நான். அப்பத்தான் எனக்கு வயித்த கலக்குச்சு, இடது கண்ணு நல்லா திறந்துதான இருக்கு, அதுல ஏன் தெரியலன்னு.

மாறுகண் கிடையாது, கண்ணு செவக்கல, தண்ணி வடியல, டிவிய கிட்டப் போயி பாக்குற பழக்கமும் இல்ல. யூகேஜில நல்லா எழுதுவா. அஞ்சு வருசமா ஒரே கண்ணுலதான் பாத்துட்டு இருந்துருக்கா, வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. புள்ளைக்கும் தெரியல, அவளுக்கு அதுதான உலகம்.

கட்டி வத்துனதும் ஊர்ல ஒரு கண்ணாடிக் கடைக்கு கூட்டிட்டுப் போனோம் (பேரு வேணாம்). கம்ப்யூட்டர் மிஷின்ல தாடைய வைக்கச் சொன்னாங்க, ஒரு சீட்டு வந்துச்சு, "சின்ன பவர்தான்க்கா"ன்னு மைனஸ்ல ஒரு கண்ணாடி போட்டுக் குடுத்துட்டாங்க. போர்டு படிக்கச் சொன்னப்ப இவ கையால வலது கண்ண மூடிக்கிட்டு கடகடன்னு படிச்சா, நானும் சந்தோசமா வந்துட்டேன். பின்னாடிதான் தெரிஞ்சுது விரல் இடுக்கு வழியா நல்ல கண்ணால பாத்து படிச்சுருக்கான்னு. அந்தக் கண்ணாடிய மூணு மாசம் போட்டா. அந்த மூணு மாசம் வீணாப் போனத நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறல, அதனாலதான் இத எழுதுறேன், யாராவது ஒருத்தங்க அந்த மூணு மாசத்த மிச்சம் பிடிச்சாகூட போதும்.

ஆடி மாசம் எங்க சித்தி சொல்லி மதுரைக்கு கெளம்புனோம். அருப்புக்கோட்டைல இருந்து பஸ்ஸு மாட்டுத்தாவணி, அங்க இருந்து ஆட்டோ புடிச்சா அண்ணா நகர் பக்கந்தான். அரவிந்த் ஆஸ்பத்திரி பத்தி தெக்கத்தி ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுக்கு ஒரு தாத்தாவோ பாட்டியோ அங்க கண்புரை எடுத்துருப்பாங்க. டாக்டர் ஜி. வெங்கடசாமி ஐயா கவர்மென்ட் வேலைல ரிட்டயர் ஆனப்புறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. ஐயாவோட ஊரு அயன் வடமலாபுரம், எங்க ரோட்டுலயே இன்னும் தெக்கால போனா எட்டயபுரம் பக்கத்துல. முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப் போயும் அந்தக் கையோடயே ஆயிரக்கணக்குல ஆபரேசன் செஞ்ச மனுசன். ஆனா அது பெரியவங்களுக்கு புரை எடுக்குற இடம்ங்கற நினைப்புதான் எனக்கு இருந்துச்சு, குழந்தைங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்குறது அங்க போயித்தான் தெரியும்.

முதல் வேலையா சிஸ்டர் ஒரு பொண்ணு, பாப்பாவோட வலது கண்ண டேப் வச்சு ஓட்டை இல்லாம மூடுனாங்க. அதப் பாத்ததுமே எனக்கு கடைல நடந்தது புரிஞ்சு போச்சு. மூடுன உடனே இவ கைய தட்டி விட்டு அழ ஆரம்பிச்சா. அந்த சிஸ்டர் அவசரப்படுத்தல, "பாப்பா உங்க வீட்ல எத்தன கோழி இருக்கு"ன்னு பேசிக்கிட்டே எழுத்து காமிச்சாங்க. இடது கண்ணுல மேல இருக்குற ஒத்த பெரிய எழுத்துதான் தெரிஞ்சுது. 6/60ன்னு எழுதுனாங்க. அதாவது நல்ல கண்ணு 60 மீட்டர்ல நின்னு பாக்குறத இவ 6 மீட்டர்ல வந்துதான் பாக்க முடியும். வலது கண்ணு 6/9. எழுத்து தெரியாத சின்னப் புள்ளைங்களுக்கு ஆப்பிள், வீடு, வட்டம், கட்டம்னு படம் போட்ட சார்ட் இருக்கு, வாயத் திறக்காட்டியும் பரவால்ல, கைல இருக்குற அட்டைல அதே படத்த தொட்டுக் காமிச்சாப் போதும்.

அப்புறம் ஒரு புக்கு காமிச்சாங்க. ஒரு புது மாதிரி கண்ணாடிய மாட்டி விட்டு, பெரிய ஈ படம். ரெக்கைய புடின்னு சொல்றாங்க. ரெண்டு கண்ணும் சேந்து வேலை செஞ்சா அந்த ரெக்கை பேப்பர விட்டு மேல தூக்கிட்டு நிக்கிற மாதிரி தெரியுமாம், புள்ளைங்க காத்துல கிள்ளுவாங்களாம். எங்க பாப்பா பேப்பர் மேல விரல தட்டையா வச்சு அழுத்துனா. சிஸ்டர் ஒண்ணும் சொல்லல, எழுதிக்கிட்டாங்க. எனக்கு அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

அடுத்தது சொட்டு மருந்து. கண்ணுப் பாப்பா விரியறதுக்கு. எரியும், புள்ள அழும், முன்னாடியே சொல்லிடுறேன். இத எதுக்கு போடுறாங்கன்னு நிறைய பேருக்குத் தெரியல, "சும்மா மிஷின்ல பாத்தா போதாதா"ன்னு கேக்குறாங்க. குழந்தைங்க கண்ணுக்குள்ள இருக்குற ஃபோகஸ் பண்ற தசை ரொம்ப பலமா இருக்கும், இருக்குற ப்ளஸ் பவர அந்தத் தசை இறுக்கிப் புடிச்சு மறைச்சுரும், மருந்து விட்டு அத தளத்துனாத்தான் உண்மையான பவர் வெளிய வரும். மிஷின்ல மைனஸ் காமிச்ச எங்க பாப்பாவுக்கு மருந்து விட்டுப் பாத்தா இடது கண்ணுல ப்ளஸ் 5, வலது கண்ணுல ப்ளஸ் 1. ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரு! இருட்டு ரூம்ல ஒரு சின்ன லைட்ட கண்ணுல அடிச்சு, முன்னாடி லென்ஸ மாத்தி மாத்தி வச்சு, உள்ள அந்த வெளிச்சம் எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்தே பவர் கண்டுபிடிச்சாங்க. புள்ள ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்ல. ஆறு மாசக் குழந்தைக்குக்கூட இப்படி பவர் பாக்க முடியும். அதனால "பேசத் தெரியட்டும் அப்புறம் காமிப்போம்"னு தள்ளிப் போடாதீங்க.

டாக்டரம்மா விழித்திரை எல்லாம் பாத்துட்டு, கண்ணுல நோய் ஒண்ணும் இல்ல, இது ஆம்ப்ளியோபியா, சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவாங்கன்னாங்க. அந்தப் பேரே எனக்குப் புடிக்கல, ஏன்னா அந்தக் கண்ணு சோம்பேறி இல்ல, அதுக்கு வேலையே குடுக்கல. அப்புறம் கவுன்சிலர் கிட்ட அனுப்புனாங்க. எனக்கு இந்த ஆஸ்பத்திரில ரொம்பப் புடிச்ச இடம் இதுதான். மத்த இடத்துல சீட்டக் குடுத்து மருந்துக்கடை அந்தப் பக்கம்னு கை காட்டுவாங்க, இங்க ஒரு அம்மா உக்காந்து, பிறந்ததுல இருந்து இடது கண்ணு மூளைக்கு மங்கலான படத்தையே அனுப்பிக்கிட்டு இருந்துச்சு, வலது கண்ணு தெளிவா அனுப்புச்சு, மூளை தெளிவா இருக்குறத மட்டும் எடுத்துக்கிட்டு மங்கலானத ஒதுக்கி வச்சுருச்சு, அதனால இப்ப கண்ணாடி போட்டு படம் தெளிவா ஆனாலும் மூளை அந்தக் கண்ண கவனிக்கப் பழகணும், அதுக்கு வயசு இருக்கு, ஏழு எட்டு வயசுக்குள்ள பழக்குனா நல்லா வரும், தள்ளிப்போனா கஷ்டம், இதுக்கு மாத்திரை கிடையாது, வைத்தியம் பாக்கப் போறது நாங்க இல்ல நீங்கதான்னு, எங்க அத்தைக்கும் சேத்து, பொறுமையா சொன்னாங்க. அத்தை இடைல இடைல கேட்ட எல்லாக் கேள்விக்கும் முகம் சுளிக்காம பதில் சொன்னாங்க.

(வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல்னு ரெண்டு பேரு 1960கள்ல பூனைக்குட்டிங்களோட ஒரு கண்ண மூடி வச்சு, அந்த வயசுல பாக்காத கண்ண மூளை கைவிட்டுருதுன்னு கண்டுபிடிச்சுருக்காங்க. 1981ல நோபல் பரிசு வாங்குனாங்க.)

அத்தைக்கு அப்பவும் மனசு ஒப்பல. பஸ்ல வரும்போதே "பொட்டப் புள்ளைக்கு இப்பவே சோடாபுட்டி மாதிரி கண்ணாடியா, நாளைக்கு ஒரு இடம் தகைய வேணாமா"ன்னு பொலம்பிட்டு வந்தாங்க. அவங்களத் தப்பு சொல்ல மாட்டேன், புள்ள மேல இருக்குற பாசந்தான். அத்தை நாப்பது வருசம் தறில உக்காந்தவங்க. மறுநாள் வெள்ளெழுத்துக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஊசில நூலு கோத்துட்டு இருந்தாங்க, நான் பக்கத்துல போயி, "அத்தை ஒரு கண்ண மூடிக்கிட்டு கோத்துப் பாருங்க"ன்னேன். மூணு தடவ நூலு ஊசிக்கு முன்னாடியே போகுது, இல்ல தாண்டிப் போகுது. நூல மடில போட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "பழகாத கையி இழை எடுக்காதுத்தா, கண்ணும் அப்படித்தான் போல"ன்னாங்க. அன்னைலருந்து கண்ணாடிய துடைச்சு பாப்பா மூக்குல மாட்டி விடுறது அவங்கதான்.

கண்ணாடி போட்டு முதல்லயே 6/36 வந்துருச்சு, ரெண்டு மாசம் வெறும் கண்ணாடி மட்டும் போடச் சொன்னாங்க, பேட்ச் எல்லாம் அப்ப குடுக்கல. புரட்டாசில போனப்ப 6/24. கண்ணாடியே பாதி வைத்தியம், அத கழட்டாம போடுறதுதான் முக்கியம். அதுக்கப்புறம்தான் நல்ல கண்ண மூடுற பேட்ச், தினமும் 2 மணி நேரம். நாள் முழுக்க மூடணும்னு பயந்துட்டு இருந்தேன், முன்னெல்லாம் அப்படித்தான் மூடச் சொல்லுவாங்களாம், இப்ப பெரிய ஆராய்ச்சி எல்லாம் பண்ணிப் பாத்து, 6/24 மாதிரி நடுத்தரமா இருக்குற புள்ளைங்களுக்கு 6 மணி நேரம் மூடுறதுக்கும் 2 மணி நேரம் மூடுறதுக்கும் வித்தியாசம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. ரொம்ப மோசமா இருந்தா 6 மணி நேரம் சொல்லுவாங்க. பேட்ச் ஒத்துக்காத புள்ளைங்களுக்கு நல்ல கண்ணுல அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்குற முறையும் இருக்கு, ஆனா அது டாக்டர் சொல்லி மட்டும்தான், நாமளா வாங்கி விடக் கூடாது.

பேட்ச் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அங்கதான் நிறைய பேரு விட்டுடுறாங்க. முதல் வாரம் நரகம். நல்லா தெரியுற கண்ண மூடிட்டு தெரியாத கண்ணால பாருன்னா எந்தப் புள்ள சும்மா இருக்கும், அழுவா, பிச்சு எறிவா, "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்"னு கேட்டா ஒரு நாளு, நான் கொல்லைப்பக்கம் போயி அழுதுட்டு வந்தேன். தோலுல ஒட்டுற பேட்ச்தான் வேலைக்கு ஆகும். கண்ணாடி மேல மாட்டுற துணிப் பேட்ச்னா மேல ஓரமா எட்டிப் பாத்துருவாங்க. ஒட்டுறது எங்க ஊரு வெயிலுக்கு வேர்வைல கழண்டு வரும், அதனால சாயங்காலம் மூஞ்சி கழுவி நல்லா துடைச்சுட்டு ஃபேனுக்கு கீழ உக்கார வச்சு ஒட்டுவோம். எடுக்கும்போது வெடுக்குன்னு உரிக்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சு ஒத்தி, ஓரத்துல லேசா தேங்காண்ணெய் தடவி மெதுவா எடுத்தா புருவ முடி பிடுங்காது. மறுநாள் ஒட்டும்போது எண்ணெய் இல்லாம துடைச்சுரணும், இல்லன்னா நிக்காது.

அந்த ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்துருந்தா போதாது, கிட்டத்துல உத்துப் பாக்குற வேலையா குடுங்கன்னு கவுன்சிலர் சொல்லிருந்தாங்க. அத எங்க அத்தை எடுத்துக்கிட்டாங்க. உளுந்துல கல்லு பொறுக்கறது, பாசி கோக்கறது, சாயநூல கலர் கலரா பிரிக்கறது, இப்படி தினம் ஒண்ணு. முதல்ல பெரிய பாசி, ரெண்டு மாசத்துல சின்ன கடுகுப் பாசி கோக்க ஆரம்பிச்சுட்டா. ஆஸ்பத்திரி சார்ட்ல நம்பர் மாறுறதுக்கு முன்னாடியே அந்தப் பாசில எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.

ஸ்கூல்ல "ஒத்தக் கண்ணு"ன்னு கூப்புட்டானுங்கன்னு ஒரு நாள் வந்து சொன்னா. நாங்க பேட்ச வீட்லதான் போடுறோம், போட்டதோட ஒரு நாள் தெருவுல விளையாடப் போயிருக்கா, பாத்துட்டானுங்க. மிஸ்ஸுகிட்ட போயி விவரமா சொன்னேன், அவங்க மறுநாள் க்ளாஸ்ல எல்லாப் புள்ளைங்களையும் ஒரு கண்ண மூடிக்கிட்டு பந்து புடிக்கச் சொல்லிருக்காங்க. ஒருத்தனும் சரியா புடிக்கலயாம். அதோட அந்தப் பேச்சு நின்னுருச்சு. அந்த மிஸ் நல்லா இருக்கணும்.

ஆஸ்பத்திரில ஒரு நாள் முழுக்க ஆகும், மருந்து விட்டு விரியறதுக்கே நேரம் எடுக்கும், கூட்டமும் இருக்கும், லீவு போட்டுட்டே போங்க, சாப்பாடு கட்டிட்டுப் போங்க. மருந்து விட்ட கண்ணு கூசும், திரும்பி வரும்போது புள்ளைக்கு தொப்பி இருந்தா நல்லது, அன்னைக்கும் மறுநாளும் கிட்டத்துல எழுத்து மங்கலா தெரியும், வீட்டுப்பாடம் எழுதச் சொல்லி திட்டாதீங்க. காசு கட்டிப் பாக்குறதும் இருக்கு, முடியாதவங்களுக்கு இலவசமும் இருக்கு. கண்ணாடி அங்கயே போட்டுக் குடுக்குறாங்க.

காத்துருந்த நேரத்துல மத்த அம்மாங்க கிட்ட பேசுனதுலயே நான் பாதி படிச்சேன். ஒருத்தங்க புள்ள குறைமாசத்துல பிறந்தது, விழித்திரைல ரத்தக்குழாய் முழுசா வளரல, அது ஆர்ஓபி. 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்கு கம்மியாவோ பிறந்த குழந்தைய 30 நாளுக்குள்ள கண் டாக்டர்கிட்ட காமிச்சே ஆகணுமாம், வெளிய இருந்து பாத்தா கண்ணு அழகா இருக்கும், ஒண்ணுமே தெரியாது, விட்டா மொத்தமா போயிரும். அவங்க நேரத்துக்கு வந்து லேசர் வச்சுட்டாங்க. உங்க சொந்தத்துல யாராவது இன்குபேட்டர்ல வச்ச குழந்தைய வீட்டுக்கு கூட்டிட்டு வந்துருந்தா இத மட்டும் கேளுங்க, கண்ணு பாத்தாச்சான்னு.

இன்னொரு அம்மா மடில கைக்குழந்தை, பிறவிலயே புரை. வாயும் வயிறுமா இருக்கும்போது ருபெல்லா அம்மை வந்தா வயித்துல இருக்குற குழந்தைக்கு கண்ணு, காது, இதயம் எல்லாம் பாதிக்கலாம்னு அங்கதான் கேள்விப்பட்டேன். இதே பிரிவுல இருந்த டாக்டர் பி. விஜயலட்சுமி ருபெல்லா பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. 2017ல நம்ம தமிழ்நாட்டுல ஸ்கூல் ஸ்கூலா வந்து எம்ஆர் ஊசி போட்டாங்களே, அப்ப வாட்ஸ்அப்ல வந்த வதந்திய நம்பி போட வேணாம்னு எத்தன பேரு சண்டை போட்டாங்க. அந்த ஊசில இருக்குற ஆர் இந்த ருபெல்லாதான்.

மாறுகண் அதிர்ஷ்டம்னு ரெண்டு வருசம் விட்டு வச்சுட்டு வந்த ஒரு குடும்பத்தையும் பாத்தேன். தயவு செஞ்சு யாரும் இத நம்பாதீங்க, மாறுகண் இருந்தா அந்தக் கண்ணோட பார்வை எங்க பாப்பா மாதிரியே உள்ளுக்குள்ள போயிட்டு இருக்கலாம். சின்னக் குழந்தைக்கு மூக்குத்தண்டு அகலமா இருந்தா மாறுகண் மாதிரி தோணும், நிஜத்துல இருக்காது, ஆனா அத டாக்டர்தான் சொல்லணும், பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லக் கூடாது. அதே மாதிரி ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோல ஒரு கண்ணு செவப்பாவும் ஒரு கண்ணு வெள்ளையாவும் தெரிஞ்சா அன்னைக்கே கெளம்பிருங்க, அது புரையா இருக்கலாம், கண்ணுக்குள்ள வர்ற ரெட்டினோபிளாஸ்டோமாங்கற புத்துநோயாவும் இருக்கலாம், சீக்கிரம் பாத்தா உயிரையும் கண்ணையும் காப்பாத்தலாம். தாய்ப்பால் பீச்சி விடுறது, விளக்கெண்ணெய் விடுறது எல்லாம் கண்ணுக்குள்ள வேணவே வேணாம்.

பத்து வயசுப் பையனுக்கு இந்தச் சோம்பேறிக் கண்ணு இருக்கு, இனிமே சரி ஆகாதான்னு ஒரு அக்கா எங்கிட்ட கேட்டாங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா அதே ஹால்ல பெரிய புள்ளைங்களும் பேட்சோட உக்காந்துருந்தாங்க. சின்ன வயசு மாதிரி வேகமா வராட்டியும் முயற்சி பண்றாங்க, வயசாயிருச்சுன்னு நீங்களா முடிவு பண்ணாம ஒரு தடவ காமிச்சுருங்க.

மார்கழில போனப்ப எங்க பாப்பாவோட இடது கண்ணு 6/12. நடுவுல பத்து நாளு காய்ச்சல்ல பேட்ச் போடல, அதையும் மறைக்காம சொன்னேன், திட்டல, திரும்ப ஆரம்பிங்கன்னாங்க.

போன வாரம் போயிட்டு வந்தோம். இடது கண்ணு 6/9. வலது கண்ண மூடுனப்ப அழவே இல்ல, தானே நெத்தி முடிய ஒதுக்கிக் குடுத்தா. அப்புறம் அந்த ஈ புக்க எடுத்தாங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. கண்ணாடிய மாட்டி விட்டு, ரெக்கைய புடி பாப்பான்னாங்க. ரெண்டு விரல நீட்டுனவ பேப்பருக்கு ஒரு விரக்கடை மேலயே, வெறுங்காத்துல கிள்ளிட்டு, "அய்ய, குத்துது"ன்னு கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. சிஸ்டர் சிரிச்சுட்டு இன்னொரு தடவ புடின்னாங்க, மாட்டேன்னுட்டா. அத்தை என் முழங்கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க, விடவே இல்ல.

இப்ப பேட்ச் ஒரு மணி நேரமா குறைச்சுருக்காங்க. டக்குன்னு நிறுத்துனா சில புள்ளைங்களுக்கு பார்வை திரும்ப இறங்குமாம், அதனால கொஞ்சங் கொஞ்சமா. கண்ணாடி தொடர்ந்து போடணும். ஆனில திரும்ப வரச் சொல்லிருக்காங்க. கடுகுப் பாசி தீந்து போச்சு, அத்தை அடுத்த டப்பா வாங்கிட்டு வரச் சொல்லிருக்காங்க.